தொடுமுறைத் தட்டச்சு மீள்பயிற்சி

தொடுமுறைத் தட்டச்சு மீள்பயிற்சி என்பது, பல ஆண்டுகளாக விசைப்பலகையைப் பார்த்துச் சில விரல்களால் மட்டும் தட்டச்சு செய்து பழகிய ஒருவர், வளர்ந்த வயதில், விசைகளைப் பாராமல் எல்லா விரல்களாலும் தட்டச்சு செய்யும் முறையைப் பயில்வதைக் குறிக்கும். தட்டச்சே அறியாத ஒருவர் முதன்முதலாகக் கற்பதிலிருந்து இது வேறுபட்டது. புதிதாகக் கற்பவருக்கு இழப்பதற்கு ஏதுமில்லை. மீள்பயிற்சி பெறுபவரோ, குறையுடையதாயினும் நாள்தோறும் தமக்குப் பயன்பட்டுவரும் ஒரு திறனைச் சிறிது காலம் கைவிட வேண்டியுள்ளது. பயிற்சியைத் தொடங்கியவர்கள் இடையில் விட்டுவிடுவதற்கு, விசைகளின் இடங்களை நினைவில் கொள்வதிலுள்ள கடினத்தைவிட இந்தத் தற்காலிக வேக இழப்பே பெரிய காரணமாக அமைகிறது.

தொடுமுறையின் அடிப்படை

தொடுமுறைத் தட்டச்சில் ஒவ்வொரு விசையும் ஒரு குறிப்பிட்ட விரலுக்கு உரியது. விரல்கள் ஓய்வாக இருக்கும் நடு வரிசை அடிப்படை வரிசை எனப்படும். குவெர்ட்டி விசைப்பலகையில் இடக்கையின் சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல், சுட்டுவிரல் ஆகியன முறையே ஏ, எஸ், டி, எஃப் விசைகளின் மீதும், வலக்கையின் சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் ஆகியன முறையே ஜே, கே, எல், அரைப்புள்ளி விசைகளின் மீதும் அமைகின்றன. பெருவிரல் இடைவெளி விசையை அழுத்துகிறது. எஃப், ஜே விசைகளின் மீது சிறு மேடு இருப்பதால், கண்ணால் பாராமலே சுட்டுவிரல்கள் தம் இடத்தை அறிந்துகொள்கின்றன.

மேல் வரிசையிலோ கீழ் வரிசையிலோ உள்ள விசையை அழுத்தும் விரல், அழுத்தியபின் தன் இடத்துக்குத் திரும்புகிறது. சுட்டுவிரல் ஒவ்வொன்றுக்கும் ஆறு எழுத்துகள் உரியன. இடச் சுட்டுவிரல் ஆர், டி (மேல் வரிசை), எஃப், ஜி, வி, பி ஆகியவற்றையும், வலச் சுட்டுவிரல் ஒய், யு, எச், ஜே, என், எம் ஆகியவற்றையும் அழுத்தும். பெரிய எழுத்து தேவைப்படும்போது, எழுத்தை ஒரு கையும் ஷிஃப்ட் விசையை மற்றக் கையும் அழுத்துகின்றன.

தட்டச்சு வேகம் நிமிடத்துக்கு இத்தனை சொற்கள் என அளக்கப்படுகிறது. ஆங்கிலத் தட்டச்சில், சொல்லின் உண்மையான நீளம் எதுவாயினும், இடைவெளியையும் சேர்த்து ஐந்து விசையழுத்தங்கள் ஒரு சொல்லாகக் கொள்ளப்படுகின்றன. நிமிடத்துக்கு 40 சொற்கள் என்பது நிமிடத்துக்கு 200 விசையழுத்தங்களுக்கு ஈடாகும்.

வரலாறு

அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ், கார்லோஸ் கிளிடன், சாமுவேல் சூல் ஆகியோர் 1868 ஆம் ஆண்டில் தட்டச்சுப் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். இதிலிருந்து உருவான பொறியை 1874 இல் ரெமிங்டன் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1878 இல் வெளிவந்த இரண்டாவது ரெமிங்டன் பொறியில் ஷிஃப்ட் விசை இடம்பெற்றது. தொடக்ககாலப் பொறிகளில் அச்சுக்கோல்கள் தாளின் அடிப்புறத்தில் மோதியதால், எழுதிய வரியை உடனே பார்க்க இயலாது.

இப்பொறிகளைப் பயன்படுத்தியோருக்கு முதலில் ஒழுங்கான கைமுறை எதுவும் இருக்கவில்லை. இன்று மீள்பயிற்சிக்கு வருபவரைப் போலவே, அவர்களும் கண்ணால் தேடிச் சில விரல்களால் தட்டினர். சின்சினாட்டி நகரில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்பித்த எலிசபெத் லாங்லி, எல்லா விரல்களையும் பயன்படுத்தும் முறையைக் கற்பிக்கும் பாடநூலை 1882 இல் வெளியிட்டார். 1888 ஆம் ஆண்டு சூலை 25 அன்று அதே நகரில் நடைபெற்ற போட்டியில், சால்ட் லேக் சிட்டியைச் சேர்ந்த நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் ஃபிராங்க் மெக்கரின், லூயிஸ் டிராப் என்பவரை வென்றார். மெக்கரின் விசைகளின் இடங்களை மனத்தில் இருத்திப் பாராமல் தட்டுபவர். டிராப் பயன்படுத்திய கேலிகிராஃப் பொறியில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் தனித்தனி விசைகள் இருந்தன. செய்தித்தாள்களில் இடம்பெற்ற இந்த வெற்றி, தொடுமுறையைப் பரவலாக அறியச் செய்தது.

இம்முறை நிலைபெற்ற காலத்தில் தட்டச்சர்களின் வேலை பெரும்பாலும் படியெடுத்தலாகவே இருந்தது. கையெழுத்துப் படியின் மீது கண் இருக்க வேண்டியதால், விசைகளைப் பாராதிருப்பது தொழிலின் தேவையாயிற்று. தனியாள் கணினிகள் பரவியபின் தட்டச்சு தனித் தொழில் என்ற நிலையிலிருந்து மாறி, ஏறத்தாழ எல்லா அலுவலர்களும் மாணவர்களும் செய்யும் செயலாயிற்று. இவர்களுள் பலர் முறையான பயிற்சியின்றித் தாமாகவே தட்டச்சைப் பழகிக்கொண்டனர். மீள்பயிற்சியின் தேவை இச்சூழலில் எழுந்தது.

தாமாகப் பழகிய முறைகள்

தாமாகப் பழகியோரின் முறைகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். இரு சுட்டுவிரல்களால் மட்டும் தட்டுவோரும் உள்ளனர். ஆறேழு விரல்களை ஓரளவு ஒழுங்குடன் பயன்படுத்துவோரும் உள்ளனர். பரவலாகக் காணப்படும் பழக்கங்கள் சில:

- ஒரே எழுத்தை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விரலால் அழுத்துதல்.
- சுண்டுவிரல்களைப் பயன்படுத்தாமல் மடக்கியோ உயர்த்தியோ வைத்திருத்தல்.
- ஷிஃப்ட் விசைக்கு எப்போதும் ஒரே கையைப் பயன்படுத்துதல், அல்லது ஒரு பெரிய எழுத்துக்காகக் கேப்ஸ் லாக் விசையை இருமுறை அழுத்துதல்.
- கைகளை அடிப்படை வரிசைக்குத் திருப்பாமல் விசைப்பலகையின் மேல் அலையவிடுதல்.
- ஒரு வரி முழுவதையும் விசைகளைப் பார்த்துத் தட்டியபின் தலையை உயர்த்தித் திரையைப் பார்த்தல்.

இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டதே வேலையை மிகுதியாகப் பாதிக்கிறது. திரையைப் பாராமல் தட்டுபவருக்குப் பிழை நேர்ந்த கணத்தில் அது தெரிவதில்லை. கேப்ஸ் லாக் விசை இயங்கிக்கொண்டிருப்பதும், வேறு சாளரத்தில் எழுத்துகள் விழுந்துகொண்டிருப்பதும் வரி முடிந்த பின்னரே தெரியவரும். இருமொழிகளில் எழுதுவோர் தமிழுக்கு மாற்ற மறந்து ஒரு வாக்கியம் முழுவதையும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக அடித்துவிடுவது இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு.

பழைய பழக்கம் தடையாதல்

நன்கு பழகிய தட்டச்சு, நனவான எண்ணமின்றி நடைபெறும் செயலாகும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், வேகமாகத் தட்டச்சு செய்யக்கூடியவர்களிடம் வெற்று விசைப்பலகைப் படத்தைக் கொடுத்து எழுத்துகளை நிரப்பச் சொன்னபோது, அவர்களால் 26 எழுத்துகளுள் சராசரியாக ஏறத்தாழ 15 எழுத்துகளையே சரியான இடத்தில் குறிக்க முடிந்தது. விசைகளின் இடத்தை அவர்களுடைய விரல்கள் அறிந்திருந்தனவேயன்றி, அவர்கள் சொல்லக்கூடிய அறிவாக அது இருக்கவில்லை.

மீள்பயிற்சி பெறுபவரின் இடர்ப்பாடும் இதிலிருந்தே தோன்றுகிறது. ஒரு சொல்லை எழுத எண்ணியவுடன் பழைய விரல் தானாகவே புறப்பட்டுவிடுகிறது. அதைத் தடுத்து, உரிய விரலைத் தேர்ந்து அனுப்ப வேண்டும். இவ்வாறு முன்பு கற்றது பின்பு கற்பதற்கு இடையூறு செய்வதை உளவியலாளர் முன்னோக்கிய குறுக்கீடு என்பர். மனத்தளர்ச்சி, அவசரம், களைப்பு ஆகியவை நேரும்போது பழைய பழக்கம் விரைவில் திரும்புகிறது. பயிற்சிப் பாடத்தில் பிழையின்றித் தட்டுபவரே, அவசரமான மடல் ஒன்றை எழுதும்போது இரு விரல்களுக்கு மாறிவிடுவதை இயல்பாகக் காணலாம்.

பழைய முறையை அழித்துவிட்டுப் புதிய முறையைக் கற்கவேண்டும் என்பதில்லை. புதிய முறை பழையதைவிட எளிதாக வரும் அளவுக்குப் பழகினால் போதும். கைப்பேசியில் பெருவிரல்களால் எழுதுவது இதற்கு இடையூறாவதில்லை. அது வேறு கருவி, வேறு கையசைவு.

கற்றலின் படிநிலைகள்

உளவியலாளர்களான பால் ஃபிட்ஸ், மைக்கேல் போஸ்னர் ஆகியோர் 1967 இல் வெளியிட்ட நூலில் உடற்திறன் கற்றலை மூன்று படிநிலைகளாக விளக்கினர். முதல் நிலையில் ஒவ்வோர் அசைவும் எண்ணிச் செய்யப்படுகிறது. இரண்டாம் நிலையில் அசைவுகள் ஒன்றோடொன்று இணைந்து பிழைகள் குறைகின்றன. மூன்றாம் நிலையில் செயல் தானாக இயங்குகிறது. மீள்பயிற்சி பெறுபவர், பழைய முறையில் மூன்றாம் நிலையில் இருந்துகொண்டே புதிய முறையில் முதல் நிலைக்குச் செல்கிறார். இரண்டையும் அவர் ஒப்பிட்டுப் பார்ப்பது தவிர்க்க இயலாதது. முப்பது ஆண்டுகள் அலுவலகத்தில் பணியாற்றிய ஒருவர், முதல் வாரத்தில் தம் பெயரைத் தட்டவும் தடுமாறுவது திறமையின்மையைக் காட்டுவதன்று.

முன்னேற்றம் ஒரே சீராக அமைவதில்லை. தந்தித் தொழிலாளர் கற்கும் முறையை ஆராய்ந்த வில்லியம் பிரையன், நோபல் ஹார்ட்டர் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள், 1897, 1899 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில், வேகம் சில காலம் உயராமல் தேங்கி நின்று பின்னர் மீண்டும் உயர்வதைக் காட்டினர். எழுத்தெழுத்தாகக் கேட்டவர்கள் சொற்களையும் சொற்றொடர்களையும் ஒரே அலகாகக் கேட்கத் தொடங்கும்போது அடுத்த உயர்வு ஏற்படுவதாக அவர்கள் விளக்கினர். 1908 இல் வில்லியம் புக் என்பவர் தட்டச்சு கற்றலை இதே நோக்கில் ஆராய்ந்து நூல் வெளியிட்டார். இத்தகைய தேக்கம் எல்லோரிடமும் காணப்படுவதில்லை எனப் பின்வந்தோர் சிலர் கருதினாலும், சில நாட்கள் வேகம் உயராதிருப்பது கற்றல் நின்றுவிட்டதன் அறிகுறியன்று என்பது பயில்வோருக்குப் பயனுள்ள செய்தியாகும்.

பயிற்சி நேரம்

வளர்ந்தோர் தட்டச்சு கற்பது பற்றிய குறிப்பிடத்தக்க ஆய்வு ஒன்று பிரித்தானிய அஞ்சல் துறையினரைக் கொண்டு நடத்தப்பட்டது. அஞ்சல் குறியீட்டு எண்முறை வந்தபின், கடிதங்களைப் பிரிக்கும் பொறிகளுக்காக அஞ்சல் ஊழியர்கள் விசைப்பலகையைக் கற்க வேண்டியிருந்தது. ஆலன் பாடெலி, லாங்மன் ஆகியோர் 1978 இல் வெளியிட்ட இவ்வாய்வில் ஊழியர்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் மட்டும் பயின்றது. மற்றொரு குழு இரண்டு மணிநேரம் கொண்ட இரு அமர்வுகளாக நான்கு மணிநேரம் பயின்றது. நான்கு மணிநேரக் குழு 80 மணிநேரத்தில் கற்றதை, ஒரு மணிநேரக் குழு 55 மணிநேரத்திலேயே கற்றது.

எனினும் இதில் மறுபக்கமும் உண்டு. 55 மணிநேரம் என்பது ஒரு மணிநேரக் குழுவுக்கு 55 நாட்கள். 80 மணிநேரம் மற்றக் குழுவுக்கு 20 நாட்கள். மேலும், குறைந்த மணிநேரத்தில் கற்ற குழுவினரே தம் பயிற்சி முறையில் மிகக் குறைந்த மனநிறைவு கொண்டிருந்தனர். மற்றவர்களைவிடப் பின்தங்கிவிட்டதாக அவர்களுக்குத் தோன்றியது. சிறுகச்சிறுகப் பயிலும் முறை நன்றாக வேலை செய்யும் வேளையிலும், அவ்வாறு செய்கிறது என்ற உணர்வை அது தருவதில்லை என்பது இவ்வாய்வால் விளங்குகிறது.

பயிற்சி முறை

தமிழ்நாட்டின் தட்டச்சுப் பயிலகங்களில் ஆங்கிலத் தட்டச்சின் முதற்பாடம், ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என இடக்கையாலும், அரைப்புள்ளி எல் கே ஜே எச் ஜே என வலக்கையாலும் அடிப்படை வரிசையைத் திரும்பத் திரும்ப அடிப்பதாகும். தாள் முழுவதும் இதே வரி நிரம்பும். பொருளற்ற வரியாக இது அமைவதற்குக் காரணம் உண்டு. பழகிய சொல் எதுவும் இல்லாததால் பழைய கையசைவு எழுவதற்கு இடமில்லை. மீள்பயிற்சிக்கும் இதே தொடக்கம் பொருந்தும். அதன்பின் பொதுவாகப் பின்பற்றப்படும் வரிசை வருமாறு:

1. அடிப்படை வரிசை பிழையின்றி வந்தபின் மேல் வரிசையும், அதன்பின் கீழ் வரிசையும் பயிலப்படும்.
2. கைகளின் மேல் ஒரு துணியையோ அட்டையையோ மறைப்பாக வைத்து விசைகள் கண்ணில் படாமல் செய்யப்படும். விசைகளின் இடத்தைக் காட்டும் படத்தைத் திரைக்கு அருகில் ஒட்டிவைத்து, ஐயம் எழும்போது அதைப் பார்க்கலாம்.
3. வேகத்துக்கு முன் பிழையின்மை இலக்காகக் கொள்ளப்படும். பிழையொன்று நேர்ந்தால், அதை உணர்தல், பேக்ஸ்பேஸ் விசையால் அழித்தல், மீண்டும் தட்டுதல் எனக் குறைந்தது இரு கூடுதல் விசையழுத்தங்கள் செலவாகின்றன. அத்துடன் தவறான அசைவும் ஒருமுறை பயிலப்பட்டுவிடுகிறது.
4. எழுத்துகள் முடிந்தபின் ஷிஃப்ட் விசை, நிறுத்தக்குறிகள், எண்கள் ஆகியவை தனியே பயிலப்படும். இவற்றை விட்டுவிட்டால், ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் கண் மீண்டும் விசைப்பலகைக்குச் செல்லும்.
5. மீண்டும் மீண்டும் பிழைபடும் எழுத்து இணைகளைக் குறித்துக்கொண்டு, அவற்றைக் கொண்ட சொற்கள் மெதுவாகப் பயிலப்படும்.

அன்றாட வேலையின்போது எந்த முறையைப் பயன்படுத்துவது என்பதில் இரு வழிகள் உள்ளன. முதல் நாளிலிருந்தே பழைய முறையை முற்றாக விடுவது ஒன்று. இதில் பழக்கம் விரைவில் ஊன்றும். ஆனால் வேலை தேங்கும். பக்கக் கணக்கில் ஊதியம் பெறும் மொழிபெயர்ப்பாளருக்கும், குறித்த நேரத்தில் பணி முடிக்க வேண்டிய எழுத்தருக்கும் இது வருமான இழப்பாகலாம். பயிற்சி நேரத்தில் மட்டும் புதிய முறையைக் கடைப்பிடித்து, எழுத்துகள் அனைத்தும் கைவந்தபின் வேலைக்கு மாறுவது மற்றொன்று. இதில் வேலை பாதிக்கப்படாது. ஆனால் நாள்தோறும் பல மணிநேரம் பழைய முறையே வலுப்பெறுகிறது. வேலை குறைந்த காலத்தைத் தேர்ந்து மாறுவதும், அவசரமற்ற மடல்களையும் குறிப்புகளையும் மட்டும் முதலில் புதிய முறையில் எழுதுவதும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழிகளாகும்.

உடல் நிலை

முதுகு நிமிர்ந்து, முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்தில் மடங்கி, மணிக்கட்டு மேலோ கீழோ வளையாமல் இருப்பது பரிந்துரைக்கப்படுகிறது. விசைகளைப் பார்த்துத் தட்டுவோருக்குக் குனிந்து நிமிரும் அசைவினால் கழுத்தில் ஏற்படும் களைப்பு, தொடுமுறையில் குறைகிறது. ஆனால் தொடுமுறை மட்டுமே கைவலியைத் தடுத்துவிடாது. இடைவிடாமல் நெடுநேரம் தட்டுவது எம்முறையிலும் தீங்கு தரக்கூடும். பயன்படுத்தாத சுண்டுவிரலுக்குத் தொடக்கத்தில் களைப்பு ஏற்படுவது இயல்பு. வலியோ மரத்துப்போதலோ தொடர்ந்தால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாடவேண்டும்.

தமிழ்த் தட்டச்சில் மீள்பயிற்சி

கணினியில் தமிழ் எழுதுவோரிடையே, ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தமிழைப் பெறும் ஒலிபெயர்ப்பு முறை பரவலாக உள்ளது. தனியாக எதையும் கற்கத் தேவையின்மை இதன் சிறப்பு. 1999 ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாட்டை அடுத்துத் தமிழ்நாடு அரசு தரப்படுத்திய தமிழ் 99 விசைப்பலகையோ, தொடுமுறையைக் கருத்திற்கொண்டு அமைந்தது. இதில் உயிரெழுத்துகள் இடக்கையிலும், பெரும்பாலான மெய்யெழுத்துகள் வலக்கையிலும் உள்ளன. அடிப்படை வரிசையில் இடக்கை விரல்களின் கீழ் அ, இ, உ, புள்ளி ஆகியனவும், வலக்கை விரல்களின் கீழ் ப, ம, த, ந ஆகியனவும் அமைகின்றன. ஒரே மெய் அடுத்தடுத்து வரும்போது புள்ளி தானாக இடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, அம்மா என்னும் சொல்லை அ, ம, ம, ஆ என நான்கு விசைகளில் எழுதலாம். ஒலிபெயர்ப்பு முறையில் இதற்கு ஐந்து விசையழுத்தங்கள் தேவைப்படும்.

ஒலிபெயர்ப்பிலிருந்து தமிழ் 99 முறைக்கு மாறுவதும் ஒருவகை மீள்பயிற்சியே. ஆங்கிலத் தொடுமுறை அறிந்தவருக்கு விரல் ஒழுங்கு முன்பே கைவந்திருப்பதால், எழுத்துகளின் இடங்கள் மட்டுமே புதியவை. விசைகளின் மேல் தமிழெழுத்துகள் அச்சிடப்படாத விசைப்பலகைகளே பெரும்பான்மையாதலால், பார்த்துத் தட்டும் வழி இங்கு இயல்பாகவே அடைபட்டுள்ளது. இது தொடக்கத்தில் தடையாயினும் தொடுமுறைக்குத் துணைசெய்கிறது. பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பயிற்சி பெற்றவர்களின் நிலை வேறு. அவர்களிடம் தொடுமுறை ஏற்கெனவே உள்ளது. அவர்களுக்குப் பழைய தட்டச்சு அமைப்பையே கணினியில் பயன்படுத்தும் வசதியும் உண்டு.

தேவை பற்றிய கருத்துகள்

எல்லோரும் தொடுமுறைக்கு மாற வேண்டும் என்பதை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016 இல் வெளியிட்ட ஆய்வில், தாமாகப் பழகியோர் சிலர் முறையாகக் கற்றவர்களுக்கு இணையான வேகத்தில் தட்டச்சு செய்தனர். ஒவ்வோர் எழுத்துக்கும் எப்போதும் ஒரே விரலைப் பயன்படுத்துதல், அடுத்த விசைக்கு விரலை முன்கூட்டியே கொண்டுசெல்லுதல், கையை அதிகம் அலையவிடாமை ஆகியவையே வேகத்துக்குக் காரணமாகக் காணப்பட்டன. 2018 இல் இதே பல்கலைக்கழகத்தினர் பங்கேற்று 1,68,000 தன்னார்வலரிடம் நடத்திய இணையவழி ஆய்வில் சராசரி வேகம் நிமிடத்துக்கு 52 சொற்களாக இருந்தது. வேகமாகத் தட்டுவோர் ஒரு விசையை விடுமுன்பே அடுத்த விசையை அழுத்துவதும் அதில் அறியப்பட்டது.

எனவே, ஒழுங்கான ஆறு விரல் முறையுடன் திரையைப் பார்த்தே தட்டக்கூடிய ஒருவருக்கு முழு மீள்பயிற்சியால் வேகத்தில் பெரும் ஆதாயம் கிடைக்காமல் போகலாம். அவர் தம் விரல் ஒழுங்கில் உள்ள சில குறைகளை மட்டும் திருத்திக்கொள்வது போதுமானது. கண்ணை விசைகளிலிருந்து எடுக்க இயலாதவர், படியெடுக்கும் வேலை செய்பவர், பார்வை குறைந்துவருபவர் ஆகியோருக்குத் தொடுமுறையின் பயன் வேகத்தைப் பொறுத்ததன்று. எழுதும் வாக்கியத்தையோ மூலப்படியையோ விட்டுக் கண்ணை விலக்க வேண்டியதில்லை என்பதும், பார்வையின் துணையின்றியே எழுதலாம் என்பதும் அவர்கள் அடையும் பயன்களாகும்.